ஒன்பதாம் சேனலில் யாராவது இருக்கிறீர்களா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி என்ற ஊரிலிருந்து மேற்கே மலையோரமாகப் போகிறது இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை. அந்தத் துண்டுக்கு லாரி ஓட்டுநர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'ஸ்னோ சி மின் டிரெயில்'. வியட்நாம் போரில் பேர்பெற்ற ஹோ சி மின் பாதையைப் பனியில் முக்கி எடுத்த கிண்டல். 1970 அக்டோபர் தொடக்கத்தில் சாலையைத் திறந்தார்கள்; சில நாட்களிலேயே பனிப்புயல் வந்து மூடிவிட்டது. அங்கே வானத்திலிருந்து விழும் பனியைவிட, தரையில் கிடப்பதைக் காற்று வாரியடிப்பதுதான் ஆபத்து. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு ஒரு நொடி தெரியும், அடுத்த நொடி தெரியாது.

அந்தச் சாலையில் ஜனவரி மாதத்து ராத்திரி ஒன்றில் கார் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே, காரை விற்றவர் கழற்றாமல் விட்டுப்போன பழைய சிபி ரேடியோ ஒன்று. சுருள் ஒயரில் மைக் தொங்குகிறது. எந்தச் சேனலில் கூப்பிடுவது?

விதிப்புத்தகத்தைக் கேட்டால் 9 என்று சொல்லும். இன்றுள்ள 40 சேனல்களில் அந்த ஒன்றை மட்டும் அவசர உதவிக்கும் வழிப்பயணிகளின் உதவிக்கும் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1970-இல் ஒதுக்கிவைத்தது. அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் விதியை நம்பி 9-இல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும்.

சிபி என்பது சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம். சாதாரணக் குடிமக்கள் பேசிக்கொள்வதற்கென்று விட்ட அலைவரிசை. யோசனை 1945-லேயே பிறந்துவிட்டது. ஆனால் முதலில் கொடுத்த இடம் 460 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்தக் காலத்து வால்வுகளை வைத்துக்கொண்டு அத்தனை உயரத்தில் மலிவாக ஒரு செட் செய்ய முடியவில்லை. 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்துவிட்டார்கள். அது அலைவரிசைகளில் புறம்போக்கு மாதிரி. ஆஸ்பத்திரிகளில் உடம்புக்குச் சூடு கொடுக்கும் டயாதெர்மி கருவிகளும், பிளாஸ்டிக் தாள்களை உருக்கி ஒட்டும் தொழிற்சாலை இயந்திரங்களும் 27.12 மெகாஹெர்ட்ஸில் அலைகளை இறைத்துக்கொண்டிருந்தன. மதிப்பான யாரும் விரும்பாத இடம், ஆகவே பொதுமக்களுக்கு. நம் வீட்டுப் பிள்ளைகள் வைத்து விளையாடிய ரிமோட் கார்களில் பல இந்தப் பகுதியில்தான் ஓடின. இந்தியாவிலும் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள். அது அந்தப் புறம்போக்கின் எல்லைக்கல்லிலிருந்து எல்லைக்கல் வரை அச்சாகப் பொருந்தும். ஆனால் சிபி என்ற பழக்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. ஆகவே இது அமெரிக்கக் கதை.

அனுமதிக்கப்பட்ட சக்தி 4 வாட். நம் வீட்டுப் படுக்கையறையின் 'ஜீரோ வாட்' பல்பு உண்மையில் இழுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு. இது எத்தனை தூரம் போகும்?

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது இரண்டே முக்கால் மீட்டர் உயரமுள்ள கம்பி, அந்த அலையை நன்றாக வீசும். பழைய அமெரிக்கப் படங்களில் காரின் பின்பம்பரிலிருந்து சாட்டை மாதிரி வளைந்து ஆடும் நீளக் கம்பி அதுதான். காரின் தகர உடம்பு அந்த ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. கம்பியைச் சுருட்டி ஒரு முழத்துக்குள் அடக்கினால் வசதி. ஆனால் சக்தியில் பெரும்பங்கு சுருளிலேயே சூடாகி வீணாகும். கையடக்க சிபி செட்டுகள் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மூச்சுவாங்குவதற்கு இதுதான் காரணம். செட்டின் மேல் குறை சொல்வார்கள். குறை கம்பியின் குட்டையில் இருக்கிறது.

அடுத்த தடை பூமியின் வளைவு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், ரேடியோ அலைக்குத் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று தோராயமாகக் கிடைக்கும். 3 மீட்டர் உயரக் கம்பிக்கு 7 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 7. ஆக, சமதரையில் இரண்டு வண்டிகள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் இடைவெளியில் பேசிக்கொள்ளலாம். மேட்டில் நின்றால் கூடும், பள்ளத்தில் நின்றால் குறையும். கைப்பேசியின் சக்தி சிபியைவிட மிகக் குறைவு; இருந்தும் அது சமாளிப்பதற்குக் காரணம், எதிர்முனையில் 30 மீட்டர் கோபுரமும் அதன் உச்சியில் கூர்ந்து கேட்கும் கருவியும் இருப்பதுதான். சிபியின் எதிர்முனையில் இருப்பது இன்னொரு வண்டி. அவ்வளவுதான் அதன் முழுக் கட்டமைப்பும். கோபுரம் இல்லை, கேபிள் இல்லை, சர்வர் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. கார் பேட்டரியில் உயிர் இருக்கும்வரை இதற்கும் உயிர் இருக்கும்; பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் எஞ்சின் ஓடாமலே ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

கட்டமைப்பு இல்லாதது எத்தனை பெரிய வரம் என்று அமெரிக்கர்களுக்கு அவ்வப்போது நினைவூட்டப்படுகிறது. 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது தீவின் கைப்பேசிக் கோபுரங்களில் 95 சதவீதம் செயலிழந்தன. புயல்கூட வேண்டாம். 2024 பிப்ரவரி 22 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் வலையமைப்பில் ஒரு மாற்றம் செய்யும்போது நேர்ந்த பிழை 12 மணி நேரத்துக்கும் மேலாகச் சேவையை முடக்கியது. 9.2 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள் தடைப்பட்டன என்றும், அவற்றில் 25,000-க்கு மேல் 911 அவசர எண்ணுக்கான அழைப்புகள் என்றும் எஃப்சிசி பின்னர் கணக்குச் சொன்னது. அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது.

இதை மட்டும் வைத்து, சிபி செட் ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டால் பிழைத்தோம் என்று சொல்லிவிட முடியாது. அலை போய்ச்சேரும் வழியில் இன்னும் சில தொல்லைகள் இருக்கின்றன.

முதலாவது சூரியன். வானத்தில் 80 கிலோமீட்டருக்கு மேல் தொடங்கும் அயனி மண்டலம் 27 மெகாஹெர்ட்ஸ் அலையைச் சாதாரண நாட்களில் கண்டுகொள்ளாமல் விண்வெளிக்கு விட்டுவிடும். சூரியப் புள்ளிகள் அதிகமாகும் ஆண்டுகளில் நிலைமை மாறுகிறது. மேலடுக்கு அடர்த்தியாகி, அலையைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பத் தொடங்கும். இது ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழா. கடைசியாக 2024-ஐ ஒட்டி உச்சத்துக்கு வந்தது. அப்போது வயோமிங்கில் பேசுவது 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் கணீரென்று கேட்கும், அடுத்த ஊரில் கேட்காது. கேட்டவருக்கு ஆர்வம் பொங்கும். உதவிக்கு வர முடியாது. அதைவிட மோசம், தூரத்து ஊர்களின் குரல்கள் எல்லாம் உங்கள் சேனலில் வந்து இறங்கி, 10 கிலோமீட்டரில் இருப்பவரின் மெல்லிய குரலை மூழ்கடித்துவிடும். போதாக்குறைக்கு, 4 வாட் எல்லையைக் காற்றில் பறக்கவிட்டு ஆயிரக்கணக்கான வாட்டில் கத்தும் சட்டமீறிகள் உண்டு. 6-ஆம் சேனலை அவர்கள் தங்கள் மல்யுத்த மேடையாகவே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பண்பேற்றம், அதாவது குரலை அலையில் ஏற்றும் முறை. அமெரிக்க சிபி தொடக்கத்திலிருந்தே ஏஎம். ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால், இரண்டு அலைகளும் மோதி விசில் சத்தம் பிறக்கும். இருவர் பேச்சும் புரியாது. எஃப்எம்மில் அப்படி இல்லை. இரண்டில் வலுவானதைச் செட் பிடித்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். எஃப்எம்மும் பயன்படுத்தலாம் என்று எஃப்சிசி ஒப்புக்கொண்டது 2021-இல்தான். பிரிட்டன் 1981-இல் சிபியை அனுமதித்தபோதே எஃப்எம்மில் தொடங்கியது.

மூன்றாவது தொல்லைக்கு ஒரு சின்னத் திருகு காரணம். சிபியில் யாரும் பேசாதபோது ஓயாமல் 'உஸ்' என்ற இரைச்சல் வரும். இப்போது எல்இடி விளக்கும் மலிவான சார்ஜரும் சேர்ந்து அதைக் கூட்டிவிட்டன. மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு அது தலைவலி. ஆகவே எல்லா செட்டுகளிலும் ஸ்குவெல்ச் என்ற திருகு உண்டு. ஓர் அளவுக்குக் கீழே உள்ள எதையும் ஸ்பீக்கருக்கு விடாமல் அடைத்துவிடும். நிம்மதியான ஏற்பாடு. ஆனால் பனியில் சிக்கிய காரின் தளர்ந்த பேட்டரியிலிருந்து, சரிந்த ஆன்டெனாவிலிருந்து வரும் கூப்பாடும் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும்.

இத்தனை தொல்லைகளும் 1970-களிலும் இருந்தன. அப்போது மட்டும் சிபி எப்படி உயிர்களைக் காப்பாற்றியது?

அன்று கேட்பதற்கு ஆள் இருந்தது. 1962-இல் சிகாகோவில் ரியாக்ட் என்ற தன்னார்வ அமைப்பு தொடங்கியது. உறுப்பினர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே முறைவைத்து 9-ஆம் சேனலைக் கேட்பார்கள். யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லி, விவரம் வாங்கி, பக்கத்திலிருக்கும் தொலைபேசியை எடுத்துப் போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ சொல்வார்கள். எத்தனை எளிய ஏற்பாடு பாருங்கள்: கம்பியில்லாத சாலைக்கும் கம்பியுள்ள ஊருக்கும் நடுவே ஒரு மனிதர். 911 என்ற எண்ணே 1968-இல்தான் அலபாமாவின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் முதல்முதலாக ஒலித்தது. அது நாடு முழுக்கப் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் இருந்தார்கள். பல மாநிலங்களின் நெடுஞ்சாலைப் போலீசார் தங்கள் வண்டிகளிலேயே சிபி செட் மாட்டிக்கொண்டார்கள்.

பிறகு வந்தது பெருவெள்ளம். 1973 இறுதியில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின; டீசலுக்குத் தட்டுப்பாடு; நாடு முழுக்க வேகவரம்பு மணிக்கு 55 மைல், நம் கணக்கில் 88 கிலோமீட்டர். எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் மறைந்து நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சிபியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில் பென்சில்வேனியாவில் இதே இன்டர்ஸ்டேட் 80-ஐ லாரிகளை நிறுத்தி மறித்ததும் சிபி வழியாகக் கூடித்தான். 1976 தொடக்கத்தில் 'கான்வாய்' என்ற லாரிப்பாட்டு அமெரிக்காவின் முதலிடப் பாட்டானது. ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டு 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற புனைபெயரோடு சிபியில் வந்தார். 23 ஆக இருந்த சேனல்களை 1977 ஜனவரியில் 40 ஆக்கினார்கள்; அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் உரிம விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் எண்ணிப் பார்க்கவே முடியாமல், 1983-இல் உரிமமே வேண்டாம் என்று எஃப்சிசி கைகழுவியது.

லாரிக்காரர்கள் முதலில் கூடிய இடம் 10-ஆம் சேனல். அங்கே பேசுவது பக்கத்து 9-இல் கசிந்தது. அவசர சேனலுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று 19-க்கு நகர்ந்தார்கள். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். ஆனால் அன்று முதல் 9-உம் 19-உம் வெவ்வேறு தலையெழுத்தோடு வளர்ந்தன.

19 ஒரு டீக்கடை. அங்கே பேசுவதில் பெரும்பகுதி வெட்டிப்பேச்சு: சாப்பாடு, டீசல் விலை, முதலாளி, மோசமான ஜோக்குகள், சமயத்தில் கேட்கக் கூசும் வசவு. 9 என்பது அலுவலக வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டி. மரியாதையான இடம், மேலே அரசு முத்திரை, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஆள் இல்லாமல் பூட்டு துருப்பிடித்துவிட்டது. தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால் எங்கே விழுவது நல்லது? புகார்ப் பெட்டிக்கு முன்னாலா, டீக்கடைக்கு முன்னாலா?

அவசரத்துக்கென்று ஒதுக்கிய சேனலில் அவசரம் இல்லாதபோது எதுவும் கேட்காது. எதுவும் கேட்காத சேனலை மனிதர்கள் நீண்ட நேரம் கேட்க மாட்டார்கள். கைப்பேசி வந்ததும் 9-ஐக் கேட்ட தன்னார்வலர்களுக்கு வேலை குறைந்தது. வேலை குறைந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். 19-இல் மட்டும் அரட்டை இருந்ததால் ஆளும் இருந்தது. இன்னொரு வேடிக்கை: எந்தச் சேனலிலும் அவசர அழைப்புக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

கடலில் அப்படி விடவில்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் பனிப்பாறையில் மோதிய ராத்திரி, உதவிக்கு வந்த கார்பேத்தியாவைவிட மிக அருகில் கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் ஒரே ஒரு வயர்லெஸ் ஊழியர். நாள் முழுக்க உழைத்துவிட்டு, மோதலுக்குச் சில நிமிடங்கள் முன்பு கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். அதற்கு முன் அவர் டைட்டானிக்கைக் கூப்பிட்டுப் பனி இருக்கிறது என்று சொல்ல முயன்றார் என்பதும், வேலையாக இருக்கிறேன் குறுக்கே பேசாதே என்று அங்கிருந்து அவரை அடக்கினார்கள் என்பதும் வரலாற்றின் கொடுமை. டைட்டானிக்கின் அபாய அழைப்பு அந்தக் கப்பலைப் பொறுத்தவரை செவிடன் காதில் ஊதிய சங்கானது.

அதன்பின் வந்த சட்டங்கள் கேட்பதையே கடமையாக்கின. 24 மணி நேரமும் காவல். அதுவும் போதாது என்று, 500 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணியிலும் 15-ஆவது நிமிடத்திலிருந்தும் 45-ஆவது நிமிடத்திலிருந்தும் மூன்று மூன்று நிமிடங்கள் உலகக் கப்பல்கள் அனைத்தும் வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்துவைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். கப்பல் வயர்லெஸ் அறையின் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கும். பல பத்தாண்டுகள் அந்தச் சிவப்புத் துண்டுக்குள் முள் நுழைந்தபோதெல்லாம் கடல் மௌனமானது. 1999-இல் அந்தக் காவலை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள்; இன்று டிஜிட்டல் கருவி அபாயக் குறியீட்டை உணர்ந்து தானே மணியடிக்கும். சிபிக்கு அப்படி ஒரு சட்டமும் வரவில்லை, அப்படி ஒரு மணியும் வரவில்லை.

சட்டம் இல்லாமலும் காதுகள் திரண்டிருந்த ஒரு நாள் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு சிறிய ஹாம் வானொலிக் குழு போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், உலகம் முழுக்க ஹாம் ஆர்வலர்கள் அந்த அரிய குரலைப் பிடிப்பதற்காகச் செட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொழுதுபோக்குதான், முத்திரை சேர்ப்பது மாதிரி. டிசம்பர் 26 காலையில் பூமி குலுங்கிச் சுனாமி வந்தது, தொலைபேசிகள் செத்தன. பொழுதுபோக்குக்காகத் திரண்டிருந்த அதே காதுகளுக்கு விரைவிலேயே தீவுகளின் அபயக்குரல் போய்ச்சேர்ந்தது. ஹாம் வேறு, சிபி வேறு. ஹாமுக்குத் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும், சக்தியும் அதிகம், நேரத்துக்கேற்ற அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. ஆனாலும் அன்று முக்கியமானது, வெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம்.

இனி கைப்பேசியை நியாயமாக எடைபோடலாம். சிக்னல் இருக்கிற இடத்தில் அதற்கு நிகர் இல்லை. 911-ஐ அழுத்தினால் பேசுவது பயிற்சி பெற்றவர். நீங்கள் இருக்கும் இடம் தோராயமாக அவர் திரையில் விழுந்துவிடும். சிபியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலையோரம் மைலுக்கு ஒரு பச்சைப் பலகை எண்ணோடு நிற்கும். சிபி பாஷையில் அதற்கு 'யார்ட்ஸ்டிக்' என்று பெயர், அதாவது அளவுகோல். 'உன் ட்வென்ட்டி என்ன' என்று கேட்டால், எங்கே இருக்கிறாய் என்று அர்த்தம். ஜிபிஎஸ் வந்தபிறகு அந்தப் பலகையைப் படிக்கிறவர் குறைந்துபோனார். நாமும் மைல்கல்லை எட்டிப்பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

சிக்னல் இல்லாத இடத்துக்கும் இப்போது கைப்பேசி கைநீட்டத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் ஐபோன் 14-க்குச் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. பேச முடியாது, எழுத்துதான். வானம் திறந்திருக்க வேண்டும். திரை காட்டும் திசையில் போனைப் பிடிக்க வேண்டும். இருந்தாலும் எதிர்முனையில் ஆள் இருப்பது நிச்சயம். என்னைக் கேட்டால், தனியாக வனாந்தரத்தில் போகிறவருக்கு இதுவே சிபியைவிட நல்ல துணை.

ஒரு வேலையை மட்டும் கைப்பேசி இன்னும் செய்வதில்லை. 1990 டிசம்பர் 11 அன்று டென்னசி மாநிலத்தில் கால்ஹூன் அருகே இன்டர்ஸ்டேட் 75-இல் திடீர் மூடுபனி. அடுத்தடுத்து 99 வண்டிகள் மோதின. 12 பேர் இறந்தார்கள், 42 பேர் காயமடைந்தார்கள். இத்தகைய விபத்தில் முதல் மோதலைப் பார்த்தவருக்கு இரண்டு அவசரங்கள் உண்டு. ஒன்று, ஆம்புலன்சைக் கூப்பிடுவது. மற்றொன்று, பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும் 40 டன் லாரியை நிறுத்துவது. முதலாவதற்கு போன் போதும். இரண்டாவதற்கு எந்த எண்ணை அழுத்துவது? அந்த ஓட்டுநர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கிற, பெயர் தெரியாத எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்வது சிபியின் பிறவிக்குணம். செயலிகளும் இப்போது விபத்தை வரைபடத்தில் காட்டுகின்றன. ஆனால் யாரோ குறித்து, சர்வர் நம்பி, திரைக்கு வந்து, ஓட்டுநர் கண்ணில் பட வேண்டும். 'பிரேக்கைப் போடு!' என்ற குரல் நேரே காதுக்குப் போகிறது. லாரி ஓட்டுநர்கள் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசக் கூடாது என்று 2012-இல் அமெரிக்கா தடைபோட்டபோது சிபியைத் தடைக்குள் கொண்டுவரவில்லை.

இந்தக் குணத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்ட நாடு ஆஸ்திரேலியா. அங்கே 477 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம் சிபி இருக்கிறது. அத்தனை உயர்ந்த அலைவரிசையைச் சூரியப் புள்ளிகள் தொடுவதில்லை, ஆன்டெனாவும் குட்டை. 5-ஆம், 35-ஆம் சேனல்கள் சட்டப்படி அவசரத்துக்கு. லாரிகளுக்கு 40, கேரவன் இழுத்துக்கொண்டு ஊர்சுற்றும் ஓய்வுபெற்றவர்களுக்குப் பழக்கத்தில் 18. மூன்று நான்கு டிரெய்லர்களைக் கோத்த 'ரோடு டிரெய்ன்' லாரியை முந்துவதற்கு முன், முந்தலாமா என்று அதன் ஓட்டுநரிடமே சிபியில் கேட்டுக்கொள்வார்கள். கோபுரம் இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கள் அங்கே உண்டு. ஆகவே தினப்படித் தேவை இருக்கிறது. ஆகவே செட் எப்போதும் ஆன் செய்தே கிடக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்வதென்றால் கன்னியாகுமரிக் கடற்கரையைத்தான் சொல்ல வேண்டும். விசைப்படகுகளில் வயர்லெஸ் செட் உண்டு. மீன் எங்கே, நீரோட்டம் எப்படி என்று பேச்சு ஓடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது அந்தப் பேச்சு போதவில்லை. கடற்கரையிலிருந்து அந்த விஎச்எஃப் வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டர்தான் எட்டும். ஆழ்கடலுக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். அதற்குப்பின் இஸ்ரோவின் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்கள் படகேறத் தொடங்கின. காது எத்தனை கூர்மையாக இருந்தாலும் தொடுவானத்துக்கு அப்பால் கேட்காது என்ற கணக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

பனியில் நிற்கும் அந்தக் காருக்குத் திரும்புவோம். முதலில் போனில் 911. கோடு இல்லாவிட்டாலும் முயலுங்கள், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் அந்த அழைப்பை எடுத்துக்கொள்ளக்கூடும். புதிய போன் என்றால் செயற்கைக்கோள். இரண்டும் இல்லையென்றால் மைக்கை எடுங்கள். ஸ்குவெல்ச் திருகை இடதுகோடிக்குத் திருப்பி இரைச்சலைத் திறந்துவிடுங்கள். மெல்லிய பதிலும் தப்பாது. கடைசியாகக் கடந்த பச்சைப் பலகையின் எண், கிழக்கே போகிறீர்களா மேற்கேயா, எத்தனை பேர், யாருக்கு என்ன ஆயிற்று: இவற்றைப் பேசுவதற்கு முன்பே மனத்தில் கோத்துக்கொள்ளுங்கள். மரியாதைக்கு 9-இல் இரண்டு முறை கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு பதிலும் வராது. 19-க்குத் திருப்புங்கள். அங்கே யாரோ ஒருவர் டீசல் விலையைத் திட்டிக்கொண்டிருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் புகுந்துவிடுங்கள்.